பத்தாயம் நிறைந்த வீட்டில் பட்டினி

எங்கள் அத்தைப் பாட்டி ஒருபொழுதுக்காரி. அப்பாவுக்கு அத்தை, பன்னிரண்டு வயதில் தாலி அறுத்தவர். குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. கூடத்தை ஒட்டிய அறையில் ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு பத்தாயங்கள் இருந்தன. சம்பா அறுப்பு முடிந்தால் இரண்டும் நிரம்பி, மிச்ச நெல் திண்ணை வரை வரும். அந்த வீட்டில் அத்தைப் பாட்டி பகலில் ஒரு முறை சாப்பிடுவார். இரவு ஒரு டம்ளர் மோர். ஏகாதசி, பிரதோஷம், கிருத்திகை வந்தால் அந்த ஒரு முறையும் போயிற்று.

ஊரிலேயே நன்றாகச் சமைப்பவரும் அவர்தான். கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளை வந்த பிறகும் அத்தைப் பாட்டியைக் கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். வாயில் ஒரு சொட்டு விடமாட்டார். ஆவியை முகர்ந்து பார்த்து, "உப்பு ஒரு கை கம்மி" என்பார். விரத நாளில் அவர் பேச்சு முழுக்கச் சாப்பாடுதான். எந்தக் கல்யாணத்தில் எந்த வருஷம் என்ன கூட்டு, யார் வீட்டுப் பூசணிக்காய், எத்தனை தேங்காய் என்று ஒன்று விடாமல் சொல்வார். கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் தண்ணீர் தெளித்து மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். கொடியில் காயும் புடவையின் இரண்டு கரையும் ஒன்றாய்ச் சேராவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் கிடையாது. "அவ சாப்பிடறதே தெரியாது" என்று ஊர் சொல்லும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பாராட்டு அது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

நான் 1974இல் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். 2013இல் ஓய்வு பெறும் வரை டெல்டாவின் அரசு ஆஸ்பத்திரிகளில்தான் வேலை. அதில் பெரும்பகுதி பெண்கள் மருத்துவ வார்டு. அத்தைப் பாட்டியைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தது அங்கே 1987இல் வந்து சேர்ந்த ஒரு பெண். அவளிடம் வருவதற்கு முன் இந்த மண்ணின் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சோறு உண்டாகும் இடத்தில்தான் சோற்றை வேண்டாம் என்பதற்கு ஒரு மதிப்பு. தேர்ந்து சாப்பிடாமல் இருப்பதற்கு முதலில் சாப்பாடு இருக்க வேண்டும். குறுவையும் சம்பாவும் விளைந்த அதே தஞ்சை ஜில்லாவில் அறுத்துக் கட்டியவர்களுக்கு அந்த வசதி இல்லை. கீழவெண்மணியில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் மூண்ட பகையில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்கள் வயிற்றைக் கட்டியதை யாரும் விரதம் என்று சொல்லவில்லை. எங்கள் வார்டுக்கு எலும்பும் தோலுமாக வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களே. தட்டை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது தட்டைத் தள்ளி வைத்தவர்களின் கதை.

அந்தக் கதைக்குச் சோழ நாட்டில் வயது அதிகம். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளோடு பகைத்து, வடக்குப் பார்த்து உட்கார்ந்து, உண்ணாமல் உயிரை விட்டான். பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்து நண்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொத்தியார் என்ற புலவரை மட்டும் அரசன் திருப்பி அனுப்பினான். அவர் மனைவி கர்ப்பிணி, பிள்ளை பிறந்த பிறகு வா என்றான். ஆண்கள் பட்டினி கிடந்தால் அது மானம், பாட்டாகிறது, நடுகல்லாகிறது.

காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்கு வந்தால் நேர் எதிரான ஒரு நோயாளியைப் பார்க்கலாம். மணிமேகலையில் வரும் காயசண்டிகை எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்காரி. சீத்தலைச் சாத்தனார் அந்த நோய்க்கு யானைத்தீ என்று பெயர் கொடுத்திருக்கிறார். நாற்பது வருஷம் கேஸ் ஷீட் எழுதிய எனக்கு இதைவிடப் பொருத்தமான நோய்ப் பெயர் கிடைத்ததில்லை. அவளுக்கு அது எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு நாவல் பழம் தின்று நோன்பு இருக்கும் ஒரு முனிவரின் பழத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். அவர் அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பசியைச் சாபமாகக் கொடுத்தார். பட்டினி கிடப்பவரின் கோபம் எப்படிப்பட்டது என்று சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. ஆதிரை இட்ட முதல் பிச்சை விழுந்த அமுதசுரபியிலிருந்து மணிமேகலை கொடுத்த சோற்றில் அந்தத் தீ அவிந்தது. உ.வே. சாமிநாதையர் இந்த நூலை 1898இல் அச்சில் கொண்டுவந்தபோது கும்பகோணம் கல்லூரியில்தான் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே போனால் காரைக்கால். காரைக்கால் அம்மையாராகக் கும்பிடப்படும் புனிதவதி வணிகர் வீட்டுப் பெண். மாம்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். மனைவியைத் தெய்வமென்று பயந்து பாண்டிய நாட்டுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்ட கணவன், அவரைக் கண்டதும் காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று அவர் இறைவனிடம் கேட்டு உதறியதாகச் சேக்கிழார் சொல்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராசருக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். விலா எலும்பை எண்ணலாம், கையில் தாளம். வார்டில் பார்த்த உடம்பு அது. ஆனால் அவரை நோயாளி என்று சொல்ல நான் தயாரில்லை. ருடால்ஃப் பெல் என்ற சரித்திர ஆசிரியர் 1985இல் இத்தாலியப் புனிதவதிகளுக்கு அப்படி ஒரு பெயர் சூட்டிப் புத்தகமே போட்டார். 1380இல் 33 வயதில், உண்ண முடியாமல் இறந்த சியன்னா காத்தரீன்தான் அவருடைய முக்கியமான சாட்சி. பல நூற்றாண்டு கழித்து ஆள் இல்லாமல் நாடி பிடிக்கும் வேலை எனக்குச் சரிப்படாது. அம்மையார் நான்கு பிரபந்தம் பாடியவர். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: தசையை உதறிய ஒரு பெண் உருவத்தை இந்த ஊர் எத்தனையோ நூற்றாண்டாகக் கும்பிட்டு வருகிறது. இன்றும் ஆனி மாதத்தில் காரைக்காலில் மாங்கனியை மாடியிலிருந்து இறைக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் முந்தானையில் பிடிக்கிறார்கள்.

மற்ற பெண்களுக்கு இருந்தது வீட்டு விரதம். செவ்வாய்ப் பிள்ளையாருக்கு உப்பில்லாக் கொழுக்கட்டை, காரடையான் நோன்பு, வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை, சுவாமிமலைக்குச் சஷ்டி ஆறு நாள். அதற்கு மேல், ஆண்கள் பந்தி முடிந்து, பிள்ளைகள் முடிந்து, பண்ணையாள் முடிந்து, அடிக்குழம்பில் கை வைக்கும் தினசரி நோன்பு. கைம்பெண்ணுக்கு இதெல்லாம் சேர்ந்து சட்டமாகிவிடும். ஆசையை அடக்கத்தான் இரவுச் சோறு இல்லை என்று காரணமும் சொல்வார்கள். அந்த விதியிலிருந்து வெளியே வந்தவர்களும் உண்டு. சிறுமியாகவே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் பிராமண விதவைப் பட்டதாரி ஆனார். அடுத்த வருஷமே தன்னைப்போன்ற சிறுமிகளுக்குச் சாரதா இல்லம் தொடங்கி, அவர்களைப் படிக்க வைத்தார். அத்தைப் பாட்டியின் அதே விடாப்பிடிதான். போக ஒரு வழி கிடைத்தது.

1987 கார்த்திகையில் வந்த பெண்ணுக்கு 19 வயது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், மார்க்கில் முதலிடம். அப்பா நிலபுலம் உள்ளவர். அவர்கள் வீட்டிலும் பத்தாயம் இருந்தது. கட்டிலில் விரிப்பு மாற்ற அவளை நான் ஒருத்தியாகவே தூக்கிவிட்டேன். அதற்கு முன்னால் நாட்டு வைத்தியர் பஞ்ச தீபாக்கினி லேகியம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். குணசீலத்தில் ஒரு மண்டலம் வைத்திருந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். அம்மா சொன்னார்: "சஷ்டி விரதம்னு ஆரம்பிச்சா சிஸ்டர். ஊரே மெச்சிச்சு. அப்புறம் வெள்ளிக்கிழமை, திங்கக்கிழமைன்னா. இப்ப எல்லாக் கிழமையும் விரதமாயிடுச்சு." குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவளிடம் இல்லை. கேட்டால், "வயித்துல எடமில்ல" என்பாள். இல்லாவிட்டால் சிரிப்பாள்.

அவளைப் பற்றி எனக்கு இன்றும் நினைவிருப்பவை: ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ரொட்டியையும் பாலையும் பக்கத்துக் கட்டில்களுக்குப் பங்கிட்டுவிடுவாள், எல்லோரும் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கென்று ஒரு இட்லி வைத்தால் பதினாறு துண்டாக்கி அடுக்குவாள். நோட்டில் ஒரு எழுத்து அடித்தலாகிவிட்டால் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். நிற்கத் தெம்பில்லை, ஆனால் விடியற்காலை வராந்தாவில் நடப்பாள். கோலம் போட வராந்தாவில் இடம் இருந்தால் அதையும் அழித்து அழித்துப் போட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

நாங்கள் முதலில் செய்தது காசநோய்ப் பரிசோதனை. சளி, எக்ஸ்ரே, கையில் ஊசி. எதிலும் ஒன்றும் இல்லை. இதற்காக நான் பிறகு வெட்கப்படவில்லை; ஏனென்றால் அவளுக்கு இருந்த இந்தப் பட்டினி நோயை முதன்முதலில் விவரமாக எழுதிய லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் அதைச் சேர்த்ததே காசநோய்ப் புத்தகத்தில்தான். அவருடைய நோயாளியும் 18 வயதுப் பெண். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உடம்பு மட்டும் உருகிக்கொண்டே போயிற்று. இரவெல்லாம் புத்தகத்தில் கிடந்தாள் என்று மார்ட்டன் மறக்காமல் குறித்திருக்கிறார். மருந்து வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். மூன்றே மாதத்தில் மயக்கம் போட்டு இறந்தாள். அவரிடம் வந்த இன்னொருவன் ஒரு பாதிரியாரின் மகன், 16 வயது, அவனும் அதிகம் படிப்பவன். படிப்பை விட்டுவிட்டு நாட்டுப்புறம் போய்ப் பாலாகக் குடி என்று அனுப்பினார். அவன் ஓரளவு தேறினான். 1873இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் லாசேக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே வருஷத்தில் இதற்குத் தனியாகப் பெயர் வைத்தார்கள். இத்தனை இளைத்த உடம்பு இப்படி நடக்கிறதே என்று கல் வியந்தார். வீட்டார் கெஞ்சி, அதட்டி, அழுதாலும் நோயாளி எனக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்பதை லாசேக் கவனித்தார். எங்கள் வராந்தாவும் அந்தச் சிரிப்பும் எனக்கு உடனே தெரிந்துபோயின.

அதற்குப் பின் நூறு வருஷமாக மருத்துவர்கள் இந்தப் பெண்களின் சுபாவத்தைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த குணங்கள்: தவறு பொறுக்காமை, எடுத்ததை விடாமை, முன்கூட்டியே பயப்படுதல், பிறரை முந்திக் கவனித்தல், தன்னைப் பற்றித் தாழ்ந்த எண்ணம். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் வகையினரிடம் படபடப்பும் அவசரமும் அதிகம். அந்த நோயை 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் தனியாகப் பிரித்துக் காட்டினார். தவறு பொறுக்காத குணமும் வளைந்து கொடுக்காத குணமும் பலருக்கு நோய் வருவதற்கு முன்பே, சிறுவயதிலேயே இருந்தவை என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் பாதிதான் நம்புகிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் மின்னசோட்டா.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனம் ஒப்பாமல் வேறு சேவைக்கு வந்தவர்கள்; உடம்பிலும் மனதிலும் ஆரோக்கியமானவர்கள் என்று பொறுக்கி எடுத்தது. 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போனது. அதோடு சுபாவமும் போனது. கலகலப்பானவர்கள் ஒதுங்கினார்கள், சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். தட்டை நக்கினார்கள், ஒரு கவளத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தார்கள். சமையல் புத்தகமாக வாங்கிச் சேர்த்தார்கள், அதுவரை அடுப்படியே பார்க்காதவர்கள். பேச்சு முழுக்கச் சாப்பாடு.

இதை முதன்முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட அன்று எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆவியை முகரும் அத்தைப் பாட்டி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார். அவர் பிறவியிலேயே அப்படி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் அவர் எப்படிப்பட்ட பெண் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் அரை வயிறு. அது கட்டிய சுபாவத்துக்கு நாங்கள் வைராக்கியம் என்று பெயர் வைத்திருந்தோம்.

நம் ஊர் ஆராய்ச்சியும் இந்த முடிச்சில்தான் முதலில் தடுக்கியது. வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கிங், புக்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளிநாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989இல் வந்தது. நிறையப் பேருக்கு நோய் இருப்பதுபோல் தெரிந்தது. துருவினால், விரதத்தையும் மரியாதையையும் மனதில் வைத்து அந்தப் பெண்கள் சில கேள்விகளுக்கு வேறு அர்த்தத்தில் பதில் சொல்லியிருந்தார்கள். 1995இல் டெல்லியிலிருந்து ஐந்து இளம்பெண்களின் கதையை எழுதினார்கள். எங்கள் பெண்ணைப் போலவே குண்டாகிவிடும் பயம் இல்லாத பட்டினி. சென்னையில் சீனிவாசனும் கூட இருந்தவர்களும் 210 மருத்துவ மாணவர்களைச் சோதித்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், முழு நோய் என்று சொல்ல முடியாத ஒரு சாப்பாட்டுத் தவிப்பு நூற்றுக்கு 15 பேரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்த 3,274 பேரின் பதிவேட்டைப் பார்த்து 2007இல் எழுதியதில், உணவுக் கோளாறு 41 பேருக்கு. அதிலும் பெரும்பாலோருக்கு மனம் சார்ந்த வாந்தி. பட்டினி நோய் ஆறு பேருக்குத்தான். எண்ணிக்கை குறைவு என்று நிம்மதிப்பட நான் தயாரில்லை. மெச்சப்படும் நோயை யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள்?

எங்கள் பெண்ணுக்கு நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேறு வியாதி இல்லை என்று தெரிந்ததும் ஊட்டுவதுதான் வைத்தியம் என்று முடிவு செய்தோம். குளுக்கோஸ் ஒரு பக்கம். அம்மா நெய்ச்சோறு பிசைந்து திணித்தது ஒரு பக்கம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் நாள் கால் வீங்கியது. இரவில் மூச்சு வாங்கியது. நாடி தாறுமாறாக ஓடியது. நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று சோறு விழுந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இருதயமே நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்கள் பலர் வயிறாரச் சாப்பிட்டே இறந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது. ஏகாதசி இருந்தவர்கள் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று கொஞ்சமாகத்தான் வயிற்றைத் திறப்பார்கள். அத்தைப் பாட்டி பாரணைக்கு முதல் கவளத்தை எவ்வளவு சின்னதாக உருட்டுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிழைத்துக்கொண்டாள். மாதத்தில் இரண்டு நாள் வந்துபோகும் மனநல மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார்; சொந்தக்காரர்கள்தான் இதற்கு மோசமான காவலர்கள் என்று வில்லியம் கல்லும் சொல்லியிருக்கிறாராம். அரிசி நொய்க் கஞ்சியில் தொடங்கினோம். மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரு கரண்டி கூட்டினோம். ஏழு வாரம். அவள் சுபாவத்தைப் பற்றி மருத்துவர் முதல் மாதம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "முதல்ல சோறு சிஸ்டர். இப்ப பேசறது பசி. எடை ஏறட்டும், அப்புறம் அவ பேசுவா" என்றார். ஐந்தாம் வாரம் அவள் எங்கள் ஆயாவைப் போல நடித்துக் காட்டினாள், வார்டே சிரித்தது. அப்படி ஒரு பெண் உள்ளே இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒழுங்கு மட்டும் மாறவில்லை. வீட்டுக்குப் போகும்போதும் போர்வையை நான்கு முனையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். பசியோடு வந்ததும் பிறவியோடு வந்ததும் அப்படித்தான் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன.

அத்தைப் பாட்டி 1971 ஐப்பசியில் காலமானார். காரியத்துக்கு வந்தவர்களுக்குப் போட்ட விருந்தில் உப்பு கம்மி என்று எல்லோருக்கும் தெரிந்தது, சொல்ல ஆளில்லை.

அந்த 1987ஆம் வருஷத்துக் கேஸ் ஷீட்டில், நர்ஸ் குறிப்புப் பகுதியில், முதல் வாரம் தினமும் ஒரே வரி இருக்கும்: "பிடிவாதக்காரி, ஒத்துழைப்பு இல்லை." எழுதியது நான். ஏழு நாளும் என் கையெழுத்துத்தான்.